மண்டிக்காரத் தாத்தாவும் ஆலிவ் மாப்பிள்ளையும்

உக்காருங்க மாப்ளே. அந்தப் பாட்டில்களை எல்லாம் மேசை மேல வரிசையா வைங்க. மெதுவா, கண்ணு பட்டுறப் போகுது. பேத்தி போன்ல சொன்னா, "தாத்தா, அவர் இப்ப ஆலிவ் ஆயில் மட்டும்தான் சாப்பிடுறார்"னு. பாவம், டாக்டர்தான் ஏதோ எழுதிக் குடுத்திருக்கார்னு நெனச்சேன். பார்த்தா ஒரு கடையே வந்து இறங்கியிருக்கு. எக்ஸ்ட்ரா விர்ஜின் ஒண்ணு, வெறும் ஆலிவ் ஆயில்னு ஒண்ணு, 'லைட்'னு ஒண்ணு. கீழ இருக்கிறது என்ன, அஞ்சு லிட்டர் பொமேஸா? திருநெல்வேலிக்கே அல்வா குடுக்கிறதுன்னு சும்மா பேச்சுக்குச் சொல்லுவோம். விருதுநகருக்கே எண்ணெய் சுமந்துட்டு வந்த மகராசன் நீங்கதான்.

கோவிச்சுக்காதீங்க. இந்த எண்ணெய் மண்டியில கணக்குப் பிள்ளையா உக்காந்து தேஞ்சவன் நான். எந்த எண்ணெயா இருந்தாலும் மூடியைத் திறந்து ஒரு சொட்டு புறங்கையில தேச்சுப் பார்க்காட்டி எனக்கு ராத்தூக்கம் வராது. அதனால கேக்கிறேன்: இதுல எதை எதுக்கு ஊத்துறீங்க? பொமேஸ்ல தாளிப்பு, லைட்டுல தோசை, சரி. அந்த எக்ஸ்ட்ரா விர்ஜின்? விருந்தாளி வந்தா மட்டுமா? அதுவரைக்கும் எங்க இருக்கும்? அடுப்புக்கு மேல இருக்கிற அலமாரியிலயா! பலே. எண்ணெயைக் கெடுக்கிறதுக்கு அதைவிடத் தோதான எடம் உங்க வீட்டுல வேற கிடையாது.

முதல்ல ஒண்ணு. எள்ளு, கடலையெல்லாம் வித்து. காய வச்சு மூட்டை கட்டிப் போட்டு, கருப்பட்டி கிடைக்கிற அன்னைக்கு எள்ளை ஆட்டிக்கிடலாம். ஆலிவ் அப்படியில்ல, அது பழம். பறிச்சுக் குவிச்சுப் போட்டா குவியலுக்குள்ள சூடேறிப் புளிக்க ஆரம்பிச்சிரும். அந்த வாடை எண்ணெயில ஏறிட்டா எந்தச் சாமி வந்தாலும் இறங்காது. ஸ்பெயின்ல ஹாயென்னு ஒரு மாகாணம். அங்க மட்டும் 6 கோடிக்கு மேல ஆலிவ் மரம் நிக்குது. அக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும் அந்த ஊர்ல கல்யாணம் காட்சின்னு பேசினா அடிக்க வருவாங்க, அறுவடை. காலையில பறிச்சது சாயங்காலம் ஆலைக்குப் போயாகணும். சுமாரா அஞ்சு கிலோ பழம் நசுங்கினாத்தான் ஒரு லிட்டர்.

நசுக்குறதுன்னதும் உங்களுக்குக் கல்லுச் செக்கும் மாடும் ஞாபகம் வரும். பாட்டில்லயும் 'கோல்ட் பிரஸ்ட்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான், அதைக் காட்டித்தானே பேத்திகிட்ட வெலையை ஞாயப்படுத்தினீங்க? இப்ப முக்கால்வாசி ஆலையில பிரஸ்ஸே கிடையாது மாப்ளே. பழத்தைக் கொட்டையோட இயந்திரத்துல அரைச்சு, அந்த விழுதை அரைமணி நேரம் போல மெதுவாக் கிண்டி, அப்புறம் சென்ட்ரிஃபியூஜ்ல சுத்தவிட்டு எண்ணெயைத் தனியாப் பிரிச்சிடுறாங்க. 27 டிகிரிக்கு மேல சூடேத்தாம எடுத்தாத்தான் 'கோல்ட்'னு போடலாம்ங்கிறது ஐரோப்பாச் சட்டம். சூடேத்தினா எண்ணெய் கூட வரும், வாசனை குறையும். நம்ம செக்குக்காரனும் இதைத்தான் சொல்லுவான். ஆனா அவன் லேபிள் ஒட்ட மாட்டான், அதனால நீங்க நம்ப மாட்டீங்க.

இப்ப ரகத்துக்கு வருவோம். எப்.எப்.ஏ.ன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? எங்க மண்டியில டின் தூக்குற பையனுக்கே தெரியும். எண்ணெய் உடைஞ்சு அதுல எவ்வளவு அமிலம் தனியாப் பிரிஞ்சு நிக்குதுங்கிற கணக்கு. பழம் அடிபட்டா ஏறும், புழு விழுந்தா ஏறும், பறிச்சதைச் சும்மா கிடத்தினா ஏறும். நாக்குல வச்சா புளிக்காது, லேப்லதான் தெரியும். மாட்ரிட்ல சர்வதேச ஆலிவ் கவுன்சில்னு ஒண்ணு இருக்கு. அவங்க கணக்குப்படி 100 கிராமுக்கு 0.8 கிராமுக்குள்ள நின்னா எக்ஸ்ட்ரா விர்ஜின், 2 வரைக்கும் விர்ஜின். அதையும் தாண்டிட்டா ஐரோப்பாவில அதுக்குப் பேரு லாம்பான்டே. விளக்கெரிச்ச காலத்துப் பேரு அது. அதை அப்படியே சாப்பாட்டுக்கு விக்கக் கூடாது, ரீபைண்டு ஆலைக்குத்தான் போகணும்.

சரி, பேங்க்ல வேலை பாக்குற ஆளு நீங்க, ஒரு கணக்குப் போடுங்க. ஒரு பாட்டில்ல அமிலம் 0.3. இன்னொண்ணுல 0.6. எது ஒசத்தி? 0.3ங்கிறீங்க. பார்த்தீங்களா, வட்டி கணக்கையே இங்கயும் போடுறீங்க. ரீபைண்டு ஆலிவ் எண்ணெயில அமிலம் 0.3-க்குள்ளதான் இருக்கணும்னே விதி. நல்ல எக்ஸ்ட்ரா விர்ஜின்லயும் 0.3 வரும், ஆனா அது பிறக்கும்போதே அப்படி. இது காரத்தைப் போட்டு அமிலத்தை எடுத்து, மண்ணைப் போட்டு நிறத்தை எடுத்து, ஆவியை விட்டு வாடையை எடுத்து, எல்லாத்தையும் எடுத்த பெறகு மிச்சமா நிக்கிற 0.3. எண்ணெய்தான், சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. ஆனா எந்த ஊரு, எந்த மரம்னு கேட்டா அதுக்கே தெரியாது.

அந்த ஊர்பேர் தெரியாத எண்ணெயில கொஞ்சம் விர்ஜினைக் கலந்து வாசனை காட்டினா அதுதான் உங்க ரெண்டாவது பாட்டில், வெறும் 'ஆலிவ் ஆயில்'. எவ்வளவு கலக்கணும்னு சட்டத்துல அளவு கிடையாது, கலக்குறவன் மனசு. மூணாவது பாட்டில் 'லைட்'. இதுல அந்த மனசும் சுருங்கிப் போச்சு, விர்ஜின் இன்னும் கம்மி. நிறமும் மணமும்தான் லேசு மாப்ளே, கொழுப்பு இல்ல. ஒரு கிராமுக்கு 9 கலோரி. எள்ளெண்ணெய்க்கும் அதேதான், நெய்க்கும் கிட்டத்தட்ட அதேதான். லைட்டுன்னு சொல்லி தோசைக்கு ரெண்டு கரண்டி கூட ஊத்தினீங்களே, அந்த ரெண்டு கரண்டியும்தான் இப்ப பேண்ட் பட்டன் கிட்ட வந்து நிக்குது.

தாயி, சிரிக்காத. உள்ள போய் ரெண்டு சின்ன டம்ளர் எடுத்துட்டு வா.

எண்ணெயை எப்படிப் பார்க்கிறதுன்னு சொல்றேன். லேப்ல பாஸானா மட்டும் எக்ஸ்ட்ரா விர்ஜின் ஆயிடாது. எட்டுல இருந்து பன்னெண்டு பேர் வரைக்கும் பழகின நாக்குக்காரங்க உக்காந்து குடிச்சுப் பார்க்கணும். ஒரு குறைகூட இருக்கக் கூடாது, பழவாசனை இருந்தே ஆகணும். டம்ளர் நீலமா இருக்கும், உள்ள என்ன நிறம்னு தெரியாதபடிக்கு. ஏன்னா பச்சையா இருந்தா நல்லதுன்னு கண்ணு நாக்குக்கு முந்தியே தீர்ப்புச் சொல்லிடும். நீங்ககூட பச்சையைப் பார்த்துத்தானே வாங்கினீங்க? டம்ளரை 28 டிகிரிக்கு வெதுவெதுப்பாக்கித் தருவாங்க. அந்தச் செலவு நமக்கு இல்ல. விருதுநகர்ல சித்திரை மாசம் எல்லா டம்ளரும் தானா வெதுவெதுப்பாத்தான் இருக்கும், கொஞ்சம் ஆறவேணா வைக்கணும்.

உள்ளங்கையால மூடி, இன்னொரு கையால அடியைப் பிடிச்சுச் சுத்துங்க. இப்ப மூக்கை விடுங்க. வெட்டின புல்லு, பச்சைத் தக்காளி, வாழைக்காய்த் தோல், இப்படி ஏதாச்சும் வரணும். போன வருஷ தீபாவளி முறுக்கு டப்பாவைத் திறந்தா வருமே சிக்கு வாடை, அது வந்தா எண்ணெய் செத்துப் போச்சு. காடி வாடை வந்தா பழம் புளிச்ச பெறகு ஆட்டியிருக்கான். இப்ப ஒரு வாய் எடுத்து, பல்லிடுக்குல காத்தை உறிஞ்சுங்க. சத்தம் வரட்டும், மாமியார் வீடுன்னு பார்க்காதீங்க. முழுங்குங்க.

இருமல் வருதா? தொண்டையில மிளகு உரசின மாதிரி எரியுதா? இதுக்குத்தான் போன மாசம் "எண்ணெய் கெட்டுப்போச்சு, பணத்தைத் திருப்பிக் குடு"ன்னு கடைக்காரன்கிட்ட சண்டைக்குப் போனீங்களாம். அந்த எரிச்சல்தான் சரக்கு. அமெரிக்காவில கேரி பியூசாம்ப்னு ஒரு விஞ்ஞானி. சிசிலியில ஒரு கூட்டத்துக்குப் போனவர் அங்க புது எண்ணெயைக் குடிச்சுப் பார்த்திருக்கார். தொண்டை பிடிச்சிருக்கு. அவர் அதுக்கு முந்தி இபுப்ரோஃபென் மருந்துத் தண்ணியை ருசி பார்த்து ஆராய்ச்சி பண்ணிட்டிருந்த ஆளு. இது அதே எரிச்சலாச்சேன்னு பொறி தட்டியிருக்கு. 2005-ல 'நேச்சர்' பத்திரிகையில எழுதினாங்க: ஆலிவ் எண்ணெயில இருக்கிற ஒரு பொருளு அந்த வலி மாத்திரை மாதிரியே வேலை செய்யுதுன்னு. அதுக்கு ஓலியோகாந்தால்னு பேரும் வச்சாங்க. உடனே மூட்டு வலிக்கு டம்ளர் டம்ளராக் குடிக்கக் கிளம்பிடாதீங்க. ஒரு மாத்திரைக்கு ஈடாக் குடிக்கப் போனா மூட்டுக்கு முந்தி வயிறு கேள்வி கேக்கும். கசப்பும் எரிப்பும் இருந்தா எண்ணெய் புதுசு, பழத்தைக் காயா இருக்கும்போதே ஆட்டினது. நாளாக ஆக ரெண்டும் தணிஞ்சு போகும். நீங்க சண்டை போட்டு மாத்தி வாங்கிட்டு வந்தது எது, இந்த ரெண்டாவது டம்ளரா? குடிங்க. எரியுதா? எரியாது. கடைக்காரன் சிரிச்சுக்கிட்டே மாத்திக் குடுத்திருப்பான்.

அடுத்தது சூடு. எக்ஸ்ட்ரா விர்ஜினை அடுப்புல வச்சா விஷமாயிடும்னு உங்க போன்ல வந்துச்சு, இல்லையா? அதை அனுப்பினவனை ஹாயென்ல ஒரு கிழவி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் எண்ணெயில முங்க வேக வச்சு, முட்டையில போட்டு, தடியா ஒரு ஆம்லெட் சுடுவா. தோர்த்தில்யான்னு பேரு. அந்த எண்ணெயை வடிச்சு எடுத்து வச்சு மறுபடியும் பொரிப்பா. நல்ல எக்ஸ்ட்ரா விர்ஜின் புகையுறதுக்கு 190, 200 டிகிரி ஆகும். நாம பொரிக்கிறது 170, 180. தாராளமாத் தாங்கும். போகிறது வாசனைதான், பணம்தான். கிழவிக்குத் தோட்டத்துல மரம் நிக்குது. உங்களுக்கு நிக்கிறது ஈ.எம்.ஐ.

பாஸ்க் நாட்டுல இன்னொரு கூத்து. கருவாடா உப்புப் போட்ட காட் மீனை ஊறவச்சு, பூண்டு போட்ட ஆலிவ் எண்ணெயில மெதுவா வேக வச்சு, சட்டியை அடுப்புல இருந்து தூக்கி வட்டமாச் சுத்திக்கிட்டே இருப்பாங்க. மீன் தோல்ல இருக்கிற பசை இறங்கி, எண்ணெயும் அதுவும் கூடி, வெள்ளையா ஒரு குழம்பாத் திரண்டுக்கும். பில்பில்னு பேரு. மாவு இல்ல, தேங்கா இல்ல, கை வலிதான் மசாலா. கிரேக்கத்துல வெண்டைக்காயையும் பீன்ஸையும் தக்காளியோட போட்டு, தாராளமா எண்ணெய் விட்டு, மணிக்கணக்குல அடங்கின தீயில வேக வைப்பாங்க. எண்ணெய் அதுல தாளிப்பு இல்ல, அதுதான் குழம்பே. எண்ணெயில செஞ்சதுன்னே அந்த வகைக்குப் பேரு, லதேரா. இங்கெல்லாம் மட்டமான எண்ணெயை விட்டா சட்டியோட தெரிஞ்சு போகும்.

சூடே காட்டாத எடமும் உண்டு. கேட்டலோனியாவில சுட்ட ரொட்டி மேல தக்காளியைப் பிளந்து தேச்சு, எண்ணெயும் உப்பும் விட்டுக் காலைச் சாப்பாட்டை முடிச்சிடுறான். டஸ்கனியில பயறும் கீரையும் போட்ட சூப்பை இறக்கி வச்ச பெறகு மேல கோடு போட்ட மாதிரிப் புது எண்ணெய் ஊத்துவாங்க. எரிக்கிற எண்ணெயா இருக்கணும்னு அங்க அடம் பிடிப்பாங்க. ஆனா லிகூரியாவில துளசி அரைச்ச பெஸ்டோவுக்கு அதே எரிக்கிற எண்ணெயை ஊத்தினா பாட்டி கரண்டியாலயே போடுவா; அங்க சாதுவான எண்ணெய்தான் வேணும். ஒரே எக்ஸ்ட்ரா விர்ஜினுக்குள்ளயே இத்தனை சாதி. ஹாயென்ல விளையுற பிக்குவல் கசக்கும், கேட்டலோனியா அர்பெக்கினா இனிக்கும். லேபிள்ல ரகத்தோட பேரும் அறுவடை வருஷமும் போட்டிருக்கிறவன்தான் விக்கத் தெரிஞ்சவன். ஒட்டகப் படம் போட்டிருக்கிறவனை விட்டுடுங்க.

நம்ம சாப்பாட்டுக்கா? ஞாயமான கேள்வி. இட்லிப் பொடியில ஊத்தாதீங்க. காஞ்ச மிளகாய்க்கும் பெருங்காயத்துக்கும் நல்லெண்ணெய் சொந்தக்காரன். இவன் போய் உக்காந்தா ரெண்டு கசப்பும் முட்டிக்கும். கொண்டைக்கடலைச் சுண்டலை இறக்கி வச்சு, தேங்காய்க்குப் பதிலா ஒரு ஸ்பூன் இந்த எண்ணெயும் எலுமிச்சையும் விடுங்க, நல்லா இருக்கும்; கொண்டைக்கடலையும் இதுவும் லெபனான் பக்கத்துல பழைய சிநேகம். வெள்ளரிக்காய், தக்காளி, வெங்காயம் நறுக்கின பச்சடிக்கு விடலாம், தயிர் கெட்டியா வடிச்சு மேல விடலாம். பேத்தி செய்யுறாளே அந்தப் பாஸ்தா, அதுக்கு இறக்கின பெறகு விடுங்க. தாளிக்கவும் வதக்கவும் அந்த வெறும் 'ஆலிவ் ஆயில்' போதும். கடுகு வெடிக்கிற எண்ணெயில பழவாசனையைத் தேடுறவன் ஊர்ல வேற வேலை இல்லாதவன்.

அப்புறம் ராத்திரி நம்ம எண்ணெய் பரோட்டாவை ஆலிவ் ஆயில்ல பொரிச்சுத் தரச்சொல்லிக் கடையில கேட்டீங்களாமே? மாஸ்டர் என்கிட்ட வந்து, "உங்க பேத்தி வீட்டுக்காரருக்கு உடம்புக்கு ஏதும் முடியலையா"ன்னு விசாரிக்கிறார். மானம் போகுது.

கடைசியா இந்த அஞ்சு லிட்டரு. எண்ணெய் எடுத்த பெறகு மிஞ்சுற சக்கை, தோலு, கொட்டை, கொஞ்சம் ஈரம், அதுலயும் ஒட்டிக்கிட்டு இருக்கிற எண்ணெயை ஹெக்ஸேன் விட்டுக் கழுவி எடுக்கிறாங்க. நம்ம ஊர்லயும் கடலைப் பிண்ணாக்குல இதைத்தான் செய்யுறோம், சால்வெண்ட்டுன்னு சொல்லுவோம். அப்புறம் ஹெக்ஸேனை ஓட்டிட்டு, ரீபைன் பண்ணி, கொஞ்சம் விர்ஜினைக் கலந்தா பொமேஸ் எண்ணெய். அதை ஆலிவ் ஆயில்னு மட்டும் போட்டு விக்கக் கூடாது, பொமேஸ்னு சொல்லியே ஆகணும். அதனால என்ன பண்ணுவான், 'ஆலிவ்'னு தலைப்பு, கீழ 'பொமேஸ்'னு எறும்பு எழுத்து, பக்கத்துல 'இந்தியச் சமையலுக்கு ஏற்றது'ன்னு நமக்கு ஒரு சர்டிபிகேட். பொரிக்கத் தாங்கும், வாசனை கிடையாது, கெடுதலும் கிடையாது. ஆனா வாசனையில்லாத, பொரிக்கத் தாங்குற எண்ணெய் உங்களுக்கு வேணும்னா இந்தத் தெருவுல எந்த மண்டியிலயும் இருக்கு, இதைவிடக் கம்மி வெலைக்கு. பிண்ணாக்குக்கு விமானச் சத்தம் சேர்த்துக் குடுத்திருக்கீங்க.

கிண்டல் போதும், ஒண்ணு மட்டும் நெசமாச் சொல்றேன். லேபிளை நான் கேலி பண்றேன்னுட்டு, லேபிளே இல்லாத கேன்ல யாராச்சும் 'இத்தாலி சரக்கு, பாதி வெலை'ன்னு கொண்டாந்தா வாங்கிடாதீங்க. 1981-ல மாட்ரிட்ல தெருத்தெருவா 5 லிட்டர் பிளாஸ்டிக் கேன்ல ஆலிவ் எண்ணெய்னு வித்தாங்க. உள்ள இருந்தது கடுகு இனத்து ரேப்சீட் எண்ணெய், தொழிற்சாலைக்குன்னு அனிலீன் கலந்து இறக்குமதியானது. அந்த அனிலீனை நீக்கிறோம்னு மறுபடி காய்ச்சி, ஏழைபாழை தலையில கட்டிட்டாங்க. சுமார் 20,000 பேர் விழுந்தாங்க, 300 பேருக்கு மேல செத்தாங்க. பொழைச்சவங்கள்ல நெறையப் பேரு காலத்துக்கும் கைகால் வலியோட கிடந்தாங்க.

இந்த லேபிள் விஷயத்துல ரோமாபுரிக்காரன் நம்மளைவிடத் தேவலை. டைபர் ஆத்தங்கரையில மான்டே டெஸ்டாச்சியோன்னு 35 மீட்டர் உசரத்துக்கு ஒரு குன்று இருக்கு. மண் இல்ல, பாறை இல்ல. முழுக்க எண்ணெய்ச் சாடி உடைச்ச ஓடு. பெரும்பாலும் ஸ்பெயின்ல இருந்து கப்பல்ல வந்தது, ஒரு சாடிக்கு 70 லிட்டர் பிடிக்கும், வெறும் சாடியே 30 கிலோ. எண்ணெய் ஊறின மண் சாடி சிக்கேறிப் போகும், திரும்ப உபயோகப்படாது. அதனால உடைச்சு அடுக்கி, நாத்தம் தெரியாம இருக்கச் சுண்ணாம்பு தூவியிருக்கான். ஓட்டு மேல மையில எழுதியிருக்கு: காலிச் சாடி எடை இவ்வளவு, எண்ணெய் எடை இவ்வளவு, வியாபாரி இன்னார், எந்த ஊர்ல ஏத்தினது, யார் சரிபார்த்தது. படிச்சதும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு மாப்ளே. டின் எடை கழிக்கிறதுல எங்க மண்டியில நடந்த சண்டை உங்களுக்குத் தெரியாது.

இனிமே வாங்கினா கால் லிட்டரு, அரை லிட்டரு, கறுத்த கண்ணாடி, இந்த வருஷ அறுவடை. திறந்தா ரெண்டு மூணு மாசத்துல தீர்த்துடணும். வெளிச்சம், சூடு, காத்து மூணும் ஆகாது. விருந்தாளிக்குன்னு வருஷக்கணக்கா எடுத்து வைக்க இது என்ன, பத்தமடைப் பாயா?

சரி, கணக்கை முடிப்போம். பொமேஸ் டின்னை என்ன பண்றதுன்னு யோசிக்க வேணாம், நம்ம பிள்ளையார் கோயில் விளக்குக்கு... வேணாம், சாமி கேள்வி கேப்பாரு. எடுத்துட்டுப் போய் நீங்களே அப்பளம் பொரிங்க. 'லைட்'டு உங்க மாமனாருக்கு, அவருக்கு எதுவும் தெரியாது. முதல்ல குடிச்சீங்களே, இருமினீங்களே, அந்தக் கசக்கிற பாட்டில் மட்டும் இங்க இருக்கட்டும். உங்களுக்குத்தான் தொண்டை ஒத்துக்கலையே. பதிலுக்கு ரெண்டு லிட்டர் செக்கு நல்லெண்ணெய் தர்றேன், லேபிள் கிடையாது, பேத்தி ஒரு பேப்பர்ல பேரு எழுதி ஒட்டித் தருவா.